அலுவிகாரை ஏடும் பொலிஸ் புத்தகமும்

கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணம் வரை போகும் ஏ-9 வீதியில் முதலில் வரும் பெரிய நகரம் மாத்தளை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி, அக்குறணைக் கடைத்தெரு நெரிசலில் ஊர்ந்து, அலவத்துகொடையைக் கடந்த பிறகுதான் பஸ் வேகம் பிடிக்கிறது. இரு பக்கமும் மிளகுக் கொடி ஏறிய மரங்கள், கொக்கோ, கிராம்பு. கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிய தென்னிந்தியத் தொழிலாளர்கள் காட்டுவழியே தம்புள்ளை, நாலந்தா என்று நடந்துவந்து மலைநாட்டில் கால்வைத்த வாசல் இதுதான். வழியில் வாந்திபேதிக்குப் பலியானவர்கள் போக மிஞ்சியவர்களே தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய வம்சம் இன்றும் இரத்தோட்டை, எல்கடுவை, உக்குவளைப் பக்கத்து லயங்களில் இருக்கிறது.

வாசனைத் திரவியத் தோட்டம் பார்க்க வருபவர்கள்தான் இந்த வீதியில் அதிகம். என்னை இழுத்து வந்தது வேறொரு விஷயம். 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி இலங்கைப் பாராளுமன்றம் தேசபந்து தென்னகோன் என்ற பொலிஸ் மா அதிபரைப் பதவி நீக்கத் தீர்மானித்தது. ஆதரவாக 177 வாக்குகள், எதிராக ஒன்றுகூட இல்லை. அதே மாதத்தில் பிரியந்த வீரசூரிய அந்தக் கதிரைக்கு நியமிக்கப்பட்டார். கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, படிப்படியாக ஏறி, பொலிஸ் மா அதிபரானவர் அவர். கொழும்பில் நடந்த இந்த மாற்றம் ஒரு மாவட்டத்துப் பொலிஸ் நிலையத்தின் வாசலில் நிற்பவருக்கு எப்படித் தெரிகிறது? அதைக் கேட்டுப் பார்க்க மாத்தளையைவிடப் பொருத்தமான இடம் இல்லை. நாட்டின் பொலிஸ் தலைமையின் பெருமைக்குரிய கதை ஒன்றும் வெட்கத்துக்குரிய கதை ஒன்றும் இந்த ஒரே வீதியில், சில மைல் இடைவெளியில் கிடக்கின்றன.

பஸ் நகருக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது முத்துமாரியம்மன் கோயிலின் 108 அடி இராஜகோபுரம். மாசி மகத்துக்கு ஐந்து தேர்கள் ஓடும் கோயில். 1983 ஜூலை வன்செயலின் தீ இந்தக் கோயிலையும் விடவில்லை. அன்று பொலிஸ் எங்கே இருந்தது என்ற கேள்வியை இங்குள்ள வயதானவர்கள் கோபத்தோடு கேட்பதில்லை. பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்ற தொனியில் கேட்கிறார்கள்.

நகரில் 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்கும் நினைவுச்சின்னம் உண்டு. துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, வீதி வேலைக்கு வரி என்று தேசாதிபதி டொரிங்டன் சுமத்திய சுமை தாங்காமல் மாத்தளை எழுந்தது. தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டினார்கள். புரன் அப்புவைப் பிடித்துக் கண்டியில் சுட்டுக் கொன்றார்கள். குடாபொல தேரரைக் காவியுடையோடு நிறுத்திச் சுட்டார்கள். இராணுவச் சட்டம் என்ற பெயரில் நடந்த இந்தக் கொடுமைகள் லண்டன் பாராளுமன்றம் வரை போய், டொரிங்டனைத் திருப்பி அழைக்கவைத்தன. பதினேழு வருடங்களுக்குப் பிறகு, 1865இல், பொலிஸ் கட்டளைச் சட்டம் வந்தது. மறுவருடம் செப்டம்பர் 3ஆம் திகதி பம்பாய் மாகாணத்துப் பொலிஸிலிருந்து வந்த ஜோர்ஜ் கெம்பல் பொறுப்பேற்றார். அந்த நாளைத்தான் இலங்கைப் பொலிஸ் இன்றும் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. அதன் அடிப்படைச் சட்டமும் பல திருத்தங்களோடு அந்த 1865ஆம் ஆண்டுச் சட்டமேதான். குடிமக்களை அடக்கிவைக்க வேண்டிய கூட்டமாகப் பார்த்த ஆட்சி எழுதிய சட்டம் அது என்பதை மாத்தளையில் நின்று யோசித்தால் நன்றாகப் புரிகிறது.

நகரிலிருந்து வடக்கே மூன்று கிலோமீற்றர் போனால் அலுவிகாரை. பாறைகள் பிளந்து நிற்கும் இடுக்குகளில் குகை விகாரைகள். வாய்வழியாக மட்டும் சொல்லப்பட்டு வந்த திரிபிடகத்தைக் கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், பிக்குகள் இங்கேதான் ஓலையில் எழுதினார்கள். பஞ்சமும் படையெடுப்பும் வந்த காலம். மனனம் செய்தவர்கள் செத்துப்போனால் தர்மமும் போய்விடுமே என்ற பயத்தில் பிறந்த எழுத்து. 1848இல் வெள்ளைக்காரப் படை இங்கிருந்த நூலகத்தை அழித்தது. எழுதிவைப்பது எவ்வளவு முக்கியம், எழுதியதை அழிப்பது எவ்வளவு எளிது என்ற இரண்டையும் கண்ட ஊர் இது.

இந்த ஊரின் பெயரையே தன் பெயராகக் கொண்ட குடும்பத்தில் வந்தவர் சர் ரிச்சர்ட் அலுவிகாரை. சிவில் சேவைக்காரர். 1947இல் முதல் இலங்கையராகப் பொலிஸ் மா அதிபர் பதவிக்கு வந்து 1955 வரை இருந்தார். 1952இல் பெண்கள் பொலிஸில் சேர்க்கப்பட்டது அவர் காலத்தில்தான். அடுத்த வருடம் ஓகஸ்ட் ஹர்த்தாலில் பொலிஸ் சுட்டு மக்கள் இறந்ததும் அவர் காலத்தில்தான். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அவருக்குப் பிறகு வந்தவர் ஒஸ்மன்ட் டி சில்வா, சர் ரிச்சர்டின் மருமகன். பத்திக் துணிக் கலையில் உலகப் பெயர் பெற்ற ஈனா டி சில்வாவின் கணவர். பொலிஸ் அதிகாரியாகவே வளர்ந்து அந்தப் பதவிக்கு வந்த முதல் இலங்கையர். மாமனாருக்குப் பின் மருமகன் என்றதும் நம் ஊர் வழக்கப்படி ஒரு முடிவுக்கு வந்துவிடத் தோன்றும். ஆனால் 1959இல் நடந்தது அந்த அவசர முடிவைப் பொய்யாக்கிவிட்டது. பிரதமர் பண்டாரநாயக்க கொடுத்த ஓர் உத்தரவு சட்டத்துக்குப் பொருந்தாதது என்று கருதிய ஒஸ்மன்ட் டி சில்வா அதை நிறைவேற்ற மறுத்தார். விளைவு, கட்டாய ஓய்வு. அந்த இடத்துக்குச் சிவில் சேவையிலிருந்து வோல்டர் அபேகோன் கொண்டுவரப்பட்டார். பொலிஸ் அதிகாரிகளுக்குள் கசப்பு ஊறியது. மூன்று வருடம் கழித்து, 1962 ஜனவரியில் முறியடிக்கப்பட்ட சதிப்புரட்சியில் மூத்த பொலிஸ் அதிகாரிகளும் மாட்டினார்கள்.

ஈனா டி சில்வா பிற்காலத்தில் இந்த ஊருக்கே திரும்பி, கிராமத்துப் பெண்களுக்குத் தையலும் பத்திக்கும் சொல்லிக் கொடுத்து ஒரு கலை நிலையத்தை வளர்த்தார். 2015இல் காலமானார். அவருடைய கைவேலையைத் தேடி வெளிநாட்டார் வருகிறார்கள். அவர் கணவர் சொன்ன ‘முடியாது’ என்ற ஒரு சொல்லைத் தேடி யாரும் வருவதாகத் தெரியவில்லை. பொலிஸ் பயிற்சிக் கல்லூரிக்குப் போகும் ஒவ்வொரு இளைஞனுக்கும் முதல் பாடமாகச் சொல்ல வேண்டிய கதை அது.

அந்த ‘முடியாது’ இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குத் தென்னகோன் விவகாரம் சாட்சி. 2010இல் கைதான ஒருவரைச் சித்திரவதை செய்ததன் மூலம் அவருடைய அடிப்படை உரிமையை மீறியவர்களில் தென்னகோனும் ஒருவர் என்று 2023 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்போது அவர் பதில் பொலிஸ் மா அதிபர். அதே மாதத்தின் கடைசி நாளில், கொழும்பிலிருந்து வெலிகமைக்குப் போன குற்றப் பிரிவினர் ஒரு ஹோட்டலருகே சுட, அவர்கள் யாரென்று தெரியாத உள்ளூர்ப் பொலிஸார் திருப்பிச் சுட, ஓர் அதிகாரி செத்தார். ஒரே திணைக்களம், இரண்டு துப்பாக்கி, ஒரு பிணம். இத்தனைக்கும் பிறகு 2024 பெப்ரவரியில் அவருக்கு நிரந்தரப் பதவி கிடைத்தது. அரசியலமைப்புப் பேரவையில் அவருக்கு விழுந்தது நான்கு வாக்குகள். இருவர் எதிர்த்தார்கள், இருவர் வாக்களிக்கவில்லை. வாக்களிக்காததையும் எதிர்ப்பாகக் கணக்கிட்டு, சமநிலை என்று சொல்லி, சபாநாயகர் தன் வாக்கைப் போட்டார். ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. வெலிகம வழக்கில் பிடியாணை பிறந்ததும் நாட்டின் பொலிஸ் மா அதிபரைப் பொலிஸே தேடியது. 2025 மார்ச்சில் அவர் மாத்தறை நீதிமன்றத்தில் சரணடைந்தார். பிறகுதான் விசாரணைக் குழுவும் அந்த 177 வாக்கும்.

திரும்பவும் மாத்தளை நகருக்கு வந்தால் ஆஸ்பத்திரி. 2012 நவம்பரில் இதன் வளவுக்குள் உயிர்வாயுக் குழி வெட்டிய தொழிலாளர்களின் மண்வெட்டியில் மனித எலும்பு தட்டுப்பட்டது. தோண்டத் தோண்ட வந்தது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புக்கூடுகள். பேராசிரியர் ராஜ் சோமதேவவின் தொல்லியல் குழு, இவை 1980களின் பிற்பகுதியைச் சேர்ந்தவை என்றது. ஜே.வி.பி.யின் இரண்டாவது கிளர்ச்சி நசுக்கப்பட்ட காலம் அது. மாத்தளை மாவட்டத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடக் காணாமல் போன காலம். 1989இல் இந்த மாவட்டத்தின் இராணுவ இணைப்பதிகாரியாக இருந்தவர் கோட்டாபய ராஜபக்ச. புதைகுழியை விசாரிக்க அடுத்து வந்த ஜனாதிபதி ஆணைக்குழு அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்றுக்கு மாதிரிகளை அனுப்பியது. 1950க்கு முற்பட்டவை என்று அறிக்கை வந்தது. மகனைத் தேடிய தாய்மார் எந்த விஞ்ஞானத்தை நம்புவது என்று தெரியாமல் நின்றார்கள்.

2023 ஜூனில் சர்வதேச உண்மைக்கும் நீதிக்குமான செயற்றிட்டமும் வேறு அமைப்புகளும் சேர்ந்து மனிதப் புதைகுழிகள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. புதைகுழி கண்டுபிடிக்கப்பட்டதற்குப் பின்னர் இந்தப் பகுதிப் பொலிஸ் நிலையங்களில் ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட பழைய பதிவேடுகளை அழிக்குமாறு, அப்போது பாதுகாப்புச் செயலாளராக இருந்த கோட்டாபய உத்தரவிட்டார் என்பது அதன் குற்றச்சாட்டு. எந்த நீதிமன்றமும் இதை இன்னும் விசாரித்து முடிவு சொல்லவில்லை. ஆனால் விசாரிக்க வேண்டிய கேள்வி தெளிவாக இருக்கிறது. 1989இல் யாரை எந்தப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள், யார் கையொப்பமிட்டார்கள், எங்கே மாற்றினார்கள் என்பதைச் சொல்லக்கூடியது நிலையத்துப் புத்தகம் ஒன்றுதான். அது இல்லையென்றால் எலும்புக்குப் பெயர் வைக்க வழியில்லை.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் ஓய்வுபெற்ற சார்ஜன்ட் ஒருவர் அறிமுகமானார். மலையகத்தின் பல நிலையங்களில் வேலை பார்த்த தமிழர். புதிய பொலிஸ் மா அதிபரைப் பற்றிக் கேட்டேன்.

“கீழே இருந்து வந்தவரு. சந்தோசம்தான். ஆனா எங்களுக்கு ஐ.ஜி.பி. யாருன்றது ரேடியோவில கேக்கிற செய்தி. ஓ.ஐ.சி. யாருன்றதுதான் சோறு. அவர் மாறினா நிலையமே மாறிரும் தம்பி. ஒரு முறைப்பாட்டைப் புத்தகத்தில எழுதுறதா, ‘பேசித் தீத்துக்கங்க’ன்னு அனுப்புறதான்னு அவர் முகத்தப் பாத்துத்தான் முடிவு செய்வோம்.”

“ஓ.ஐ.சி. யார் முகத்தைப் பார்ப்பார்?”

சிரித்தார். “அதுக்கு நீங்க ஊர் அரசியல்வாதி வீட்டு முத்தத்தில போய் நிக்கணும்.”

இலங்கையின் ஏறத்தாழ 600 பொலிஸ் நிலையங்களுக்கும் இந்தப் பதில் பொருந்தும். நிலையப் பொறுப்பதிகாரியான ஓ.ஐ.சி.யின் இடமாற்றம் அமைச்சரின், எம்.பி.யின் விருப்பத்தில் நடந்த காலம் நீண்டது. அதைத் தடுக்கத்தான் 2001இல் 17ஆவது திருத்தம் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவைக் கொண்டுவந்தது. 2010இல் 18ஆவது திருத்தம் அதன் முதுகெலும்பை முறித்தது. 2015இல் 19ஆவது திருத்தம் நிமிர்த்தியது. 2020இல் 20ஆவது மறுபடி முறித்தது. 2022இல் 21ஆவது மறுபடி நிமிர்த்தியிருக்கிறது. இருபத்தொரு வருடத்தில் ஐந்து முறை விதி மாறினால் ஓர் ஓ.ஐ.சி. எதை நம்புவார்? இன்றைய ஆணைக்குழு நாளைக்கு இருக்குமா என்று தெரியாதவர், நாளைக்கும் இருக்கப்போகிற அரசியல்வாதியைத்தான் பிடித்துக்கொள்வார். இதைத் தனிமனிதக் கோழைத்தனம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

இரத்தோட்டை வீதி மாத்தளையிலிருந்து கிழக்கே மலையேறுகிறது. வளைவுக்கு வளைவு குளிர் கூடுகிறது. மேலே ஒரு தோட்டத்தில், கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். பொலிஸைப் பற்றிப் பேச்செடுத்ததும் முதலில் மௌனம். பிறகு ஒரு அம்மா சொன்னார். எந்த நிலையம் என்பது இங்கே வேண்டாம்.

“வீட்ட ஒடச்சி நகைய எடுத்துட்டாங்கன்னு போனேங்க. ராலாமி நல்ல மாதிரித்தான், ஒக்காரச் சொன்னாரு. ஆனா தமிழ் தெரிஞ்ச ஆளு அன்னைக்கு லீவு. நான் தமிழ்ல சொல்ல, கூட வந்த தலைவரு சிங்களத்துல சொல்ல, அவரு எழுதுனாரு. கீழ கையெழுத்துப் போடுன்னாரு, போட்டேன். என்னா எழுதியிருக்குன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாதுங்க.”

இதில் அடி உதை இல்லை, இலஞ்சம் இல்லை, பத்திரிகையில் வரும் செய்தியும் இல்லை. ஆனாலும் இது சட்டமீறல். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம், 109ஆம் பிரிவு, இதைத் துல்லியமாகச் சொல்கிறது. வாயால் சொல்லும் முறைப்பாட்டைச் சொல்பவரின் மொழியிலேயே எழுத வேண்டும். அதிகாரியால் முடியாவிட்டால், சொல்பவரையே தன் மொழியில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். அவராலும் முடியாவிட்டால்தான் வேறு தேசிய மொழியில் எழுதலாம். அப்படி எழுதுவதற்கான காரணத்தைப் பதிய வேண்டும், எழுதியதை அவருக்கு விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் கையெழுத்து. இவ்வளவு நல்ல விதி இருக்கும் நாட்டில் அந்த அம்மாவுக்குத் தன் முறைப்பாடு என்னவென்று தெரியாது. தமிழ் பேசும் அதிகாரிகள் போதாது என்ற பதிலைத் திணைக்களம் பல வருடமாகச் சொல்கிறது. 2012 கணக்கெடுப்பில் மாத்தளை மாவட்டத்தின் ஏறத்தாழ 4.8 இலட்சம் மக்களில் இலங்கைத் தமிழரும் இந்திய வம்சாவளித் தமிழருமாகப் பத்தில் ஒரு பங்கு. முஸ்லிம்களும் ஏறக்குறைய அதே அளவு. ஐந்தில் ஒருவர் தமிழில் பேசும் மாவட்டத்தில், தமிழ் தெரிந்தவரின் லீவு நாளில் சட்டமும் லீவில் போய்விடுகிறது.

இதற்கு மாகாண மட்டத்தில் ஒரு மருந்து 1987லேயே எழுதப்பட்டது. 13ஆவது திருத்தம் மாகாணங்களுக்குப் பொலிஸ் அதிகாரம் தருகிறது. மாகாணப் பொலிஸ் ஆணைக்குழு, மாகாணப் பிரிவு எல்லாம் அதில் உண்டு. எந்த ஜனாதிபதியும் அதை நடைமுறைப்படுத்தவில்லை. வடக்கு, கிழக்குப் பிரச்சினை என்றே அதைப் பேசிப் பழகிவிட்டோம். மத்திய மாகாணத்துக்கும் அது பொருந்தும் என்பது மறந்தே போயிற்று. மத்திய மாகாண சபையே 2018இல் காலாவதியாகி, இன்னும் தேர்தல் காணவில்லை.

பிரித்துக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் பாக்கு நீரிணையைத் தாண்டி ஒருமுறை பார்ப்பது நல்லது. இந்தியாவில் பொலிஸ் மாநிலத்தின் கையில் இருக்கிறது. 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், மாநிலப் பொலிஸ் தலைவருக்குக் குறைந்தது இரண்டு வருடப் பதவிக்காலம் வேண்டும், மத்திய தேர்வாணையம் தரும் பட்டியலிலிருந்தே தெரிவு செய்ய வேண்டும் என்று கட்டளையிட்டது. அதற்குப் பிறகும் 2020இல் சாத்தான்குளம் பொலிஸ் காவல் மரணங்கள் நடந்தன. 2025 ஓகஸ்டில் தமிழ்நாட்டுப் பொலிஸ் தலைவர் ஓய்வுபெற்றபோது பொறுப்பு அதிகாரி ஒருவரைத்தான் அமர்த்தினார்கள். அதிகாரம் கொழும்பில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும், பொலிஸைத் தன் பைக்குள் வைத்துக்கொள்ளும் ஆசை ஆட்சியாளருக்கு ஒன்றுபோலவே இருக்கிறது.

நாலந்தாவையும் நாவுலையையும் கடந்து வடக்கே இறங்கினால் மலை முடிந்து வறண்ட வலயம். தம்புள்ளையின் மரக்கறிச் சந்தையில் லொறிகள் நெரிகின்றன. 2012 ஏப்ரலில் பிக்குகள் முன்னால் நிற்க ஒரு கூட்டம் இங்குள்ள பள்ளிவாசலுக்குள் புகுந்தது. பக்கத்துக் காளி கோயிலையும் அகற்றச் சொன்னது. பொலிஸ் அங்கே நின்றது. புகுந்தவர்களைத் தண்டிப்பதற்குப் பதிலாகப் பள்ளிவாசலை இடம் மாற்றச் சொல்லி மேலிடத்திலிருந்து குரல் வந்தது. மறுவருடம் காளி கோயில் இடிக்கப்பட்டது. சட்டம் யார் பக்கம் என்று மேலிடம் காட்டிவிட்டால், கீழே சீருடையில் நிற்பவர் வெறும் பார்வையாளர்.

தம்புள்ளையிலிருந்து குருநாகல் வீதியில் திரும்பினால் கலேவெல. இன்றைய ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க பிறந்த ஊர். ஆஸ்பத்திரி வளவில் கிடந்த எலும்புகள் 1989ஆம் ஆண்டுக்குரியவை என்றால், அவற்றில் பல அவருடைய ஜே.வி.பி. கட்சித் தோழர்களுடையவையாக இருக்கலாம். ஆகவே மாத்தளைக்கு அவர் ஒரு கடன் பட்டிருக்கிறார். அந்தக் கடனைப் புதிய பொலிஸ் மா அதிபரின் பெயரைச் சொல்லித் தீர்க்க முடியாது. கான்ஸ்டபிள் ஒருவர் உச்சிக்கு வந்தது நல்ல செய்தி. ஆனால் ஒஸ்மன்ட் டி சில்வாவும் நல்ல அதிகாரிதான். அவரை ஒரு கையெழுத்தில் வீட்டுக்கு அனுப்ப முடிந்தது. நல்லவர் வந்தால் போதாது, நல்லவரை அனுப்ப முடியாத ஏற்பாடும் வேண்டும்.

செய்ய வேண்டியவை மூன்று. எதற்கும் பெரிய செலவில்லை. பொலிஸ் ஆணைக்குழுவின் அதிகாரத்தில் இனி எந்த அரசாங்கமும் கைவைக்காதிருக்க வேண்டும்; ஓ.ஐ.சி.யின் இடமாற்றத்துக்கு எழுத்தில் காரணம் வேண்டும். மாத்தளை மாவட்டத்துப் பழைய பொலிஸ் பதிவேடுகளில் எது மிஞ்சியிருக்கிறது, எது யார் சொல்லி அழிந்தது என்பதைப் பகிரங்கமாக விசாரிக்க வேண்டும். 109ஆம் பிரிவை ஒவ்வொரு நிலையத்தின் வாசலிலும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்ட வேண்டும்.

மூன்றாவதற்கு அரசாங்கத்தை எதிர்பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. முறைப்பாடு கொடுக்கப் போகும் தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் அந்தப் பிரிவின் இலக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மொழியில் எழுதச் சொல்லுங்கள். முடியாது என்றால் காரணத்தைப் பதியச் சொல்லுங்கள். விளங்காத எழுத்துக்குக் கீழே கையெழுத்துப் போடாதீர்கள்.